அக்காவின் கைப்பேசியில் வந்த முடிவு

வாழைப்பழம் பொரியும் எண்ணெய் வாசனை எங்கிருந்து வந்தாலும் நான் போய்ச் சேர்கிற இடம் ஒன்றுதான். இரண்டு வருடங்களுக்கு முன், தெங்கேராவில், பீசாங் கோரேங் கடைக்கு எதிரே நிறுத்திய என் கார். பக்கத்து இருக்கையில் அக்கா. பெய்யலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தைய வாரம்தான் மாமா, அக்காவின் கணவர், மலாக்காவில் டாக்டரைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்தார். அக்காவின் கணையத்தில் கட்டி. முற்றிவிட்டது. "அவகிட்ட மூச்சு விடாத. தாங்க மாட்டா," என்றார் என்னிடம். டாக்டர் இதற்கு ஒப்பவில்லையாம்; அடுத்த முறை அக்காவே கேட்டால் சொல்லிவிடுவேன் என்றாராம். அதனால் மாமா அந்த அடுத்த முறையையே தள்ளிப்போட்டார்.

நம் வீடுகளில் இது புதிதா என்ன? நோய் ஒருவருக்கு வரும். சேதி மற்ற எல்லாருக்கும் போகும். டுரியான் துங்கால் வீட்டுக்கு அக்காவைப் பார்க்க வந்தவர்கள் "வெறும் காஸ்ட்ரிக்தான்" என்று சிரிப்பார்கள். வாசல் தாண்டியதும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அக்காவுக்கோ பினாங்கில் இருக்கும் மகளிடம் போகவேண்டும். மகளுக்கு அது நிறைமாதம். அவளோடு பேசி முடித்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நிற்பாள் அக்கா. "வயிறு சரியாவட்டும். அங்க போனா எல்லா டெஸ்ட்டும் மொதல்லேர்ந்து எடுப்பாங்க," என்பார் மாமா.

பரிசோதனை முடிவுகளை நோயாளியே பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஓர் ஆப் வந்திருந்தது. அதைப் போட்டுத் தரச்சொன்னால் மாமாவுக்கு எப்போதும் லைன் கிடைக்காது. அன்று காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகலாம் என்று என்னைக் கிளப்பிய அக்கா, பாதி வழியில் காரை நிறுத்தச் சொல்லி, பொரித்த பழம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, கைப்பேசியை என் மடியில் வைத்தாள்.

"போட்டுக் குடு தம்பி."

"மாமா ஏசுவாருக்கா."

"வயிறு என்னுது, வலி என்னுது. ரிசல்ட் மட்டும் ஒங்க மாமாவோடதா லா?"

அவள் தன் அடையாள அட்டையைப் பார்த்து ஐசி எண்ணைச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பக்கம் திறந்தது. எல்லாம் ஆங்கிலம். "தமிழ்ல சொல்லு," என்றாள். சொன்னேன்.

பொட்டலத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஊதி, நிதானமாகத் தின்றாள். "இத்தன நாளா பொய்யா சிரிச்சீங்களே, ஒருத்தருக்கும் வாய் வலிக்கலயா?" என்றாள். பிறகுதான் அழுதாள். "குழந்த பொறக்கறப்ப நான் அங்க இருக்கணும் தம்பி."

அந்த வாரமே டாக்டர் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளே கேட்டாள். நீங்கள் சம்மதித்தால் இங்குள்ள ஸ்கேன் படங்களும் முடிவுகளும் பினாங்கு டாக்டருக்குப் போய்விடும், சிகிச்சையை அங்கேயே தொடரலாம் என்றார் அவர். மாமா தலை குனிந்தபடி இருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேத்தியை மடியில் வைத்திருக்கும் படங்கள் பினாங்கிலிருந்து வந்தன. வந்துகொண்டே இருந்தன. பிறகு நின்றன. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் பேசும் நிலையில் இல்லை. படங்களில் அவள் முகம் மெலிந்துகொண்டே போகிறது, சிரிப்பு மட்டும் பெரிதாகிறது. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், அந்த மதியம் பக்கம் திறக்காமலே போயிருந்தால் என்ற நினைப்பு வருகிறது. ஒருவருடைய உடம்பின் சேதியை அவரிடமிருந்தே ஒளித்து வைப்பதை அன்பு என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வருவதில்லை.

அவள் என்னிடம் நேரில் கடைசியாகப் பேசியது, பினாங்குக்குப் புறப்பட்ட அன்று, பேருந்து நிலையத்தில். மாமா முதலில் ஏறிப் பைகளை மேலே அடுக்கிக்கொண்டிருந்தார். படியில் நின்றபடி அக்கா குனிந்து என் காதருகே சொன்னாள்:

"மாமாவுக்கு அடிக்கடி போன் பண்ணுடா. நான் தாங்கிக்குவேன். அவருதான் தாங்க மாட்டாரு."