இறால் ஓட்டிலிருந்து ஒரு படலம்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வரும் உறவினரையும் நண்பர்களையும் வணங்கி, தம்பியாகிய நான் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

அக்கா கடலுக்கு இக்கரையில் பாகான் டாலாமில் பிறந்தார். அப்பா துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. எழுபதுகளின் இறுதியில் அக்கா அக்கரையில் ஜார்ஜ்டவுனில் ஆய்வுப் பணியில் சேர்ந்து, தினமும் ஃபெரிப் படகில் போய்வந்தார். தீப்புண்ணை மூடி ஆறவைக்கும் மெல்லிய படலம் ஒன்றை இறால் ஓட்டிலிருந்து செய்வதே அவருடைய ஆய்வு. ஓட்டை அமிலத்திலும் காரத்திலும் ஊறவைத்து, கரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் தாள்போல உரிந்து வரும். விலை உயர்ந்த கட்டுத்துணி வாங்க முடியாதவர்களுக்கு அது உதவும் என்பார்.

ஓட்டை பாசார் மீன்கடைகளில் அவரே வாங்கி வருவார். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வாசலிலேயே கேட்டார்: "இவ்ளோ படிச்சிட்டு எறா தோலு பொறுக்குற. உன்னை எவன்லா கட்டுவான்?"

"எறா பிடிக்கிறவன் கட்டுவான்க்கா. தோலு ஃப்ரீயா கெடைக்கும்லா" என்றார் அக்கா.

அப்பாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. குதிகாலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. அப்போது அக்கா சில படலங்களை வீட்டு அலமாரியில் வைத்திருந்தார். நம் ஊர்ப் புழுக்கத்தில் அவை எப்படிக் கெடுகின்றன என்று பார்ப்பதற்காக வைத்தவை, கிருமி நீக்காதவை. அம்மா அவற்றைக் காட்டிக் கேட்டார்.

"எலிக்கெல்லாம் போடுற. பெத்த அப்பனுக்குப் போட மாட்டியா?"

"மனுசருக்குப் போட இன்னும் அனுமதி வரலம்மா. அதுவும் சீழ் இருக்கிற புண்ணு, மூடவே கூடாது. கொஞ்சம் பொறும்மா."

அம்மா பொறுக்கவில்லை. அக்கா கோலாலம்பூர் சென்றிருந்தபோது, படலம் ஒன்றை எடுத்து, மஞ்சளும் திருநீறும் குழைத்துத் தடவி, அப்பாவின் புண்மேல் ஒட்டிவிட்டார். மேலே புண் காய்ந்து அழகாகத் தெரிந்தது. "எரிச்சல் போயிருச்சுலா" என்று அப்பாவும் சொன்னார். உள்ளே சீழ் வெளியேற வழியில்லாமல் காலில் மேலேறியது. காய்ச்சல் கண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

வார்டுக்கு வந்த மாமா, அம்மாவின் அண்ணன், எல்லோர் முன்னிலையிலும் கத்தினார்: "பெத்த அப்பனையே எலியாக்கிட்டியே!"

அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அக்கா அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "அது நான் செஞ்ச படலம்தான் மாமா" என்றார்.

அன்றிலிருந்து மாமா எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வந்துகொண்டிருந்த இரண்டு வரன்களும் நின்றுபோயின. நடந்ததை அக்கா தம் மேலதிகாரியிடம் தாமே தெரிவித்ததால், ஆய்வும் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது, சீழ் வடிய நுண்துளைகள் இட்ட புதிய படலத்தைச் செய்தார். முறையான அனுமதிக்குப் பின் தீப்புண் நோயாளிகள் சிலருக்கு அது பயன்பட்டது. அந்தச் செய்தியை அவர் வீட்டில் மெல்லிய குரலில்தான் சொன்னார். அப்பாவும் உண்மை தெரிந்தே, யாரிடமும் சொல்லாமல் காலமானார்.

அக்கா புற்றுநோயோடு படுத்திருந்த கடைசி வாரத்தில், "நான் அண்ணன்கிட்ட சொல்லிரட்டுமா?" என்று அம்மா கேட்டார். "இப்ப எதுக்கும்மா? போய்ச் சாப்பிடு" என்றார் அக்கா. கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும் என்று அம்மா இந்த ஓராண்டாகப் புலம்புகிறார்.

இக்கட்டுரையில் முதலில் நான் 'தவறுதலாக நேர்ந்தது' என்று மட்டும் எழுதியிருந்தேன். வாசிக்கச் சொல்லிக் கேட்ட அம்மா நிறுத்தினார்.

"தவறுதலா யாருக்குடா நேர்ந்துச்சு? அம்மா எடுத்து ஒட்டினாங்கன்னு எழுது."

"சொந்தக்காரங்க எல்லாம் படிப்பாங்கம்மா."

"படிக்கட்டும்லா. அவ இருக்கும்போதே படிச்சிருக்கணும்."

அம்மாவின் சொற்படியே எழுதியிருக்கிறேன்.

நோயுற்ற நாள்களில் அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், விடுப்பு எடுத்து அருகில் இருந்த ஆய்வகத் தோழியருக்கும், கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தைப்பிங்கில் இருக்கும் மாமாவுக்கு இம்மலரின் முதல் பிரதியை முன்கூட்டியே தபாலில் அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. திதியன்று தம் பக்கத்தில் ஒரு நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைக்கும்படி அம்மா சொல்லியிருக்கிறார்.