முந்தாநாள் சீட்டு

நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பது என் வேலை. மூட்டைக்குள்ளிருந்து ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து மெஷினில் போடுவேன். எண் கூடுதலாகக் காட்டினால், காய வைத்துக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். குடவாசல் பக்கம் என்னைத் திட்டாத விவசாயி ஒருவர் இருந்தால், அவர் அந்த வருடம் நடவே நடாதவராக இருக்க வேண்டும்.

கொரோனா கொஞ்சம் அடங்கியதுபோல் பாவனை காட்டிய சம்பா அறுவடை நேரம் அது. ஒரு பெரியவர் என் மேசைக்கு வந்து ஈரப்பதச் சீட்டை நீட்டினார்.

"முந்தாநாள் நீங்களே பார்த்து சரின்னு சொன்னீங்களே சார்?"

"அது முந்தாநாள் ஈரம்ங்க. அப்புறம் ரெண்டு ராத்திரி பனி பேஞ்சிருக்குல்ல? மூட்டையப் பிரிங்க, இன்னைக்குப் பார்ப்போம்."

முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார். அவர் நெல் நனைந்துதான் இருந்தது. எனக்கு ஏக பெருமிதம்.

அந்த வியாழக்கிழமை அக்கா மகளுக்கு நிக்காஹ். அத்தாவுக்கு வெகுநாளாக இளைப்பு. கொரோனா வந்ததிலிருந்து அவரை வாசல் தாண்ட விடவில்லை நான். "பேத்தி நிக்காஹ்வுக்குக்கூட வரலன்னா அப்புறம் என்னத்துக்கு உசுரோட இருக்கறது?" என்று பிடிவாதமாகக் கேட்டார். சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு: வருகிற இருபது பேரும் திங்கட்கிழமை மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுக்க வேண்டும், சீட்டில்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது.

வளைகுடாவிலிருந்து வந்திருந்த மச்சான் சிரித்தார். "நிக்காஹ்வுக்குப் போறோமா, ஃப்ளைட் ஏறப் போறோமா மாப்ள?"

எல்லோருக்கும் நெகட்டிவ். எனக்கும்தான். செவ்வாயும் புதனும் வழக்கம்போல் நிலையத்துக்குப் போனேன். சுமை தூக்குகிறவர்களோடு ஒரே தார்ப்பாயின் கீழ் நின்று டீ குடித்தேன். அவர்களில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். வியாழன் காலையில் எனக்குத் தொண்டை கரகரத்தது. நெல் தூசி என்று முடிவு செய்தேன். சந்தேகம் எட்டிப் பார்க்காமல் இல்லை. சட்டைப் பையில் சீட்டு இருந்ததே, அதைத் தொட்டுப் பார்த்துச் சமாதானமாகிவிட்டேன். ஊருக்குத்தானே உபதேசம்?

எங்கள் வீடுகளில் விருந்து சகனில்தான். ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோறு, அதைச் சுற்றி நாலு பேர், தலையோடு தலை இடிக்க. முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் சொருகிவிட்டு அத்தாவை ஒட்டி உட்கார்ந்தேன். ஒரு வருடமாகத் தனித்தட்டில் சாப்பிட்ட மனிதர், பேசிச் சிரித்துச் சாப்பிட்டார். எலும்பிலிருந்து கறியைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு நெய் வாசனை தெரியவில்லை. மறுபடி எடுத்த டெஸ்டில் பாசிட்டிவ். திங்கட்கிழமை அத்தாவுக்குக் காய்ச்சல், புதன்கிழமை தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன். பத்தொன்பது நாள் கிடந்தார்.

பிழைத்து வந்துவிட்டார். ஆனால் இப்போது கூடத்திலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியிருக்கிறது. பள்ளிவாசல் இரண்டு வீடு தள்ளித்தான். பாங்கு சொன்னால் நாற்காலியிலேயே தொழுகிறார்.

நலம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்கிறார்.

"என் புள்ள மேல குத்தமில்லங்க. டெஸ்ட் எடுத்துட்டுத்தான் பக்கத்துல உக்காந்தான். வேற யாரோ எங்க ரெண்டு பேருக்கும் ஒட்ட வச்சுட்டாங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "அந்தச் சீட்டை எடுத்துக் காட்டு தம்பி" என்பார். நானும் எடுத்துக் காட்டுகிறேன்.