பேனாவை வாளாக்கியவர்

சாமுராய் என்னும் ஜப்பானியப் போர்வீரர்கள் மோதும் வீடியோ கேமில் வரும் வசனங்களைப் படித்துத்தான் நான் ஜப்பானிய மொழி கற்றேன். திருவொற்றியூர் வீட்டில் அவற்றை உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். "இன்னாடி, பேய் புட்ச்சா மாதிரி கத்திகினு கீற?" என்பாள் அம்மா.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. ஜப்பானிலிருந்து வந்த பெண் மேலாளர், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஜப்பானிய மொழியில் கேட்டார். பதற்றத்தில் எனக்குச் சாமுராய் வசனம்தான் வாயில் வந்தது.

"போருக்கு வந்திருக்கிறேன். வாளை உருவு!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் மெல்லப் பேனாவை உயர்த்தி, அதே தோரணையில், "வா, மோதிப் பார்க்கலாம்!" என்றார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

வேலை கிடைக்கவில்லை. முறையாகப் படித்துவிட்டு வரச் சொன்னார். அம்மாவைப் போலவே நான் பேசும் மெட்ராஸ் தமிழைக் கேட்டு ஏளனமாய்ச் சிரித்தவர்கள் நிறைய பேர். என்னோடு சேர்ந்து சிரித்தவர் அவர்தான்.