மாமனார் கைத் தீர்த்தம்

என் மாமனாரைப் போல இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. மாம்பழக் காலத்தில் கதுப்பையெல்லாம் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கொட்டையைச் சப்பிக்கொண்டிருப்பார். ஒரே ஒரு நாளைத் தவிர, அவரிடம் நேரில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த நாளில் மருமகள்களுக்கு அது வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று அத்தையிடம் சொல்வேன். அத்தை அதையே அவரிடம் சொல்வார்கள். எங்கள் மூன்று பேருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்பதுதான் வேடிக்கை.

ஒரு வருஷம் எங்கள் ஊரான வண்ணார்பேட்டையில் வாந்திபேதி வந்தது. தெருவில் அழுகைச் சத்தம் கேட்காத நாளே இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி தண்டோரா போட்டார்கள். மாமா அன்றைக்கே வீட்டில் அப்படிச் செய்யச் சொல்லிவிட்டார். ஆனால் பூஜைக்கு மட்டும் ஆற்றில் குளித்து, ஈரவேட்டியோடு ஒரு செம்பில் பச்சைத் தண்ணீர்தான் கொண்டுவருவார். "சாமித் தண்ணிக்கு எதுக்கு அடுப்பு?" என்பார். சிவலிங்கத்துக்கு அபிஷேகம் செய்த அந்த நீரை, உத்தரணி என்கிற சின்னக் கரண்டியால் எங்கள் எல்லாருக்கும் தருவார். கடைக்குட்டிக்குத்தான் முதல் உத்தரணி. அப்போது கடைக்குட்டி என் மகள்.

ஒருநாள் காலை குடத்தோடு ஆற்றுக்குப் போனேன். படித்துறைக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கத்தில் இரண்டு பேர், பேதியில் செத்தவரின் பாயையும் துணியையும் அலசிக்கொண்டிருந்தார்கள். வெறுங்குடத்தோடு ஓடிவந்தால், மாமா அதற்குள் கீழ்ப் படித்துறையில் குளித்து, தண்ணீர் கொண்டுவந்து, அபிஷேகத்தையும் முடித்திருந்தார்.

என் மகள் நாத்தனார் இடுப்பில் இருந்தாள். மாமா உத்தரணியை நீட்ட, அவள் ஆசையாக வாயைத் திறந்தாள். ஓடிப்போய்ப் பிள்ளையின் வாயைப் பொத்தினேன்.

"குடுக்காதிய மாமா! ஆத்துல மேல, பேதியில செத்தவுக பாயை அலசுதாவ. நான் கண்ணால பாத்தேன்."

"சிவனே! இவ என்ன பேச்சு பேசுதா!" என்று அத்தை வாயில் அடித்துக்கொண்டார்கள்.

மாமா செம்பைப் பார்த்தார். "பிள்ளையளுக்கு வேண்டாம். சாமிக்கு விட்டதைக் கீழ கொட்டவும் கூடாது" என்றவர், அவ்வளவையும் தாமே குடித்துவிட்டார். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு மறுபடி கதவுக்குப் பின்னால் போனேன்.

அவருக்கு ஏதாவது ஆனால் தடுக்காத பாவி நான். ஒன்றும் ஆகாவிட்டால் சாமித் தண்ணீரைப் பழித்தவள். இரண்டாவது பழி போதும் என்று அந்தச் சிவனிடமே அழுதேன். அவர் புறவாசல் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சாப்பிட்டு எழுந்த இலையில் எவ்வளவு சோறு மிச்சம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாளும் ஈரவேட்டியோடு செம்பு வந்தது. பிள்ளைகள் வந்து நின்றார்கள். மாமா உத்தரணியைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் நின்ற கதவைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். பிள்ளைகளைப் போகச் சொல்லிவிட்டு அன்றும் அவர் ஒருவரே குடித்தார். நோய் ஊரை விட்டுப் போகும்வரை தினமும் இதுதான். தினமும் நான் தலையசைத்தேன், தினமும் அவர் குடித்தார், பொழுது சாயும்வரை நான் செத்துப் பிழைத்தேன்.

நோய் அவரைத் தொடவில்லை. அத்தைக்கு அதில் பெருமை தாங்கவில்லை. எனக்கு மட்டும் அந்தப் பயம் இன்றும் போகவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கண்ணாலே என்னைக் கேட்டவர், தாம் குடிக்கலாமா என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலைப் பிடித்தாவது தடுத்திருப்பேன்.