கூட வந்த ஆன்டி

மலேசியாவுல, கிள்ளான்ல ஒரு ஆஸ்பத்திரி. அங்க எமர்ஜென்சி வாசல்ல உக்காந்து, வர்றவங்கள்ல யார முதல்ல உள்ள அனுப்பணும்னு பார்க்கிற நர்ஸ் வேலை எனக்கு. இதுல எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. நெஞ்சு வலிக்கு நம்ம ஆளுங்க என்னென்ன பேர் வைக்கிறாங்கன்னு கேக்குறதுல அப்படி ஒரு ஆசை. காத்துன்னுவாங்க, வாய்வுன்னுவாங்க, நேத்து தின்ன நாசி லெமாக் மேல பழியப் போடுவாங்க. நெஞ்சு வலின்னு மட்டும் வாயில வராது.

அன்னிக்குக் காலையில பத்து மணி இருக்கும். ஒரு அங்கிள் வயித்தப் பிடிச்சிக்கிட்டு, ஏப்பம் விட்டுக்கிட்டே வந்தார். பின்னால அவர் சம்சாரம், கைப்பையும் ஃபைலுமா. "மிஸ்ஸி, எழுந்ததுலேருந்து காத்து நெஞ்ச அடைக்குது லா"ன்னார். உடனே ஈசிஜி எடுத்தோம். நல்லாவே இருந்துச்சு. டாக்டர், "ராத்திரி எத்தன ரொட்டி சானாய் அங்கிள்?"னு சிரிச்சிட்டு, எதுக்கும் கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு எடுக்கச் சொன்னார்.

எனக்கு என்னமோ கண்ணு அங்கிள் மேல நிக்கல. ஆன்டி மேலயே போச்சு. ஏர்கான் குளிருக்கு நான் ஸ்வெட்டர் போட்டிருக்கேன், அவங்களுக்கு மேலுதட்டுல முத்து முத்தா வேர்வை. தாடைய வேற தேச்சுக்கிட்டே இருந்தாங்க.

"என்ன ஆன்டி, பல்லு வலியா?"

"ஆமா லா, கடவாப் பல்லு. நீங்க அவரப் பாருங்க மிஸ்ஸி. நான் பேஷண்ட் இல்ல."

"எந்தப் பக்கம்?"

கொஞ்சம் யோசிச்சாங்க. "ரெண்டு பக்கமும்."

அதென்ன, ரெண்டு பக்கமும் சொல்லி வச்ச மாதிரி வலிக்கிற பல்லு? மாரடைப்பு வலி தாடைக்கும் ஏறும்னு தெரியும். ஆனா இவங்க அதுக்கும் ஒரு புதுப் பேர் வச்சிருக்காங்களேன்னு இருந்துச்சு. "ஒரு ஈசிஜி எடுத்துடுவோம், எனக்காக"ன்னு கெஞ்சிப் படுக்க வச்சேன்.

நெஞ்சுல ஸ்டிக்கர் ஒட்டினா ஒட்டல, வழுக்கி விழுந்துச்சு. இன்னொண்ணு ஒட்டினேன், அதுவும் விழுந்துச்சு. குனிஞ்சப்பதான் வாசன வந்துச்சு. தைலம்! கழுத்துலேருந்து வயிறு வரைக்கும் தைலம். பல்லு வலிக்கு நெஞ்செல்லாமா தேய்ப்பாங்க? ஸ்பிரிட் பஞ்சால துடைச்சுத் துடைச்சு ஒட்டினேன். பேப்பர் வெளிய வந்ததும் கிழிச்சுப் பார்த்தேன். கோடு தூக்கிக்கிட்டு நின்னுச்சு. சந்தேகமே இல்ல, ஹார்ட் அட்டாக்.

டாக்டர் ஓடி வந்து, "எப்ப ஆரம்பிச்சது?"ன்னார். அத வச்சுத்தான் என்ன வைத்தியம்னு முடிவு பண்ணுவாங்க. அங்கிள் முந்திக்கிட்டு, "இப்பதான் டாக்டர், இங்க வந்தப்புறம்தான்"ன்னார். ஆன்டி தாடையத் தேச்சுக்கிட்டே அவரப் பார்த்தாங்க. எனக்குச் சுர்ருன்னு கோவம் வந்துச்சு. "அங்கிள், ஆன்டி பேர கவுன்டர்ல பதிஞ்சிட்டு வாங்க"ன்னு அவர விரட்டினேன். அவர் போனதும் காதுகிட்ட கேட்டேன்.

"தைலம் எப்ப தேச்சீங்க?"

"விடியக்காலையில அஞ்சு மணிக்கு. அவர் நல்லா தூங்கிக்கிட்டிருந்தார் மிஸ்ஸி. எழுப்ப மனசு வரல."

அஞ்சு மணி நேரமா! ஆஸ்பிரினக் கொடுத்து, ரத்தக்கட்டியக் கரைக்கிற மருந்த ஏத்தினோம். அது ஏறிக்கிட்டிருக்கும்போதே மானிட்டர்ல துடிப்பு தாறுமாறா ஆயிடுச்சு. கண்ணு சொருகிடுச்சு. நெஞ்ச அழுத்தி, ஷாக் கொடுத்தோம். ரெண்டாவது ஷாக்குக்குத்தான் துடிப்பு திரும்பிச்சு. அதுவரைக்கும் எனக்கு உசிரு என்கிட்ட இல்ல.

ஆன்டிய இதய வார்டுக்கு ஏத்தி அனுப்பிட்டு வெளிய வந்தேன். அங்கிள் நாற்காலியில உக்காந்திருந்தார். ஏப்பம் நின்னு போயிருந்துச்சு.

"பொழச்சிக்கிட்டாங்க அங்கிள்"னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதோட போயிருக்கலாம். எனக்கு ஆத்திரம் அடங்கல. "இனிமே இப்படி வலிச்சா உங்கள எழுப்பச் சொல்லுங்க. தூக்கம் கெட்டா கெட்டுப் போகுது"ன்னேன்.

அவர் தரையப் பார்த்துக்கிட்டே சொன்னார்.

"எழுப்பினாளே மிஸ்ஸி. ரெண்டு தடவ எழுப்பினா."