நிலையோடு வந்த கதவுகள்

கதவு மாட்டுகிறவனுக்குக் கதவால் ஒரு தொல்லையும் கிடையாது. தொல்லை எல்லாம் சுவரால்தான், அப்புறம் அந்தச் சுவருக்குள் குடியிருப்பவர்களால்.

பதினோரு வருஷமாக நானும் என் கூட்டாளி தேவராஜும் புத்தூரிலிருந்து கிளம்பி, நகரி, சத்தியவேடு, திருப்பதி என்று ரெடிமேட் கதவு மாட்டிக்கொண்டிருக்கிறோம். நிலைச்சட்டம், கீல், கதவு மூன்றையும் கம்பெனியிலேயே பூட்டி ஒரே செட்டாக அனுப்பிவிடுவார்கள். "அப்படியே தூக்கி வச்சா வேலை முடிஞ்சுது" என்று சொல்லித்தான் கடையில் விற்பார்கள். அதை நம்பி உங்களில் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொந்தமாக மாட்டிப் பார்த்திருந்தால், உங்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. செட் நேராகத்தான் இருக்கும். சுவர்தான் மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் போகும். சந்தில் ஆப்புக் கட்டைகளைச் சொருகி, ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரர் தோளைத் தட்டி "காபியா, டீயா?" என்று கேட்பார்.

எந்தப் பக்கம்?

செட் கதவில் ஒரு விஷயத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கீல் எந்தப் பக்கம்? கதவு வந்து இறங்கிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. நகரியில் ஒரு ரிடையர்டு வாத்தியார் வீட்டில் அளவெடுக்கும்போது கேட்டேன். அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்த வாத்தியார் "வலது கைப்பக்கம்" என்றார். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி, தலையைத் தூக்காமலே "இடது கைப்பக்கம்" என்றார்.

"இந்த வீட்ல நான் சொல்றது என்னிக்கு நடந்திருக்குது?" என்று வாத்தியார் ஆரம்பித்தார். "சரியா சொன்னா நடக்காதா?" என்று அந்த அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார். பேச்சு கதவை விட்டுவிட்டு, மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட திசைக்குப் போய்விட்டது. தேவராஜு நைசாக வெளியே போய், வண்டியில் கட்டாத கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் நான் இரண்டு பேரையும் கையை நீட்டிக் காட்டச் சொன்னேன். அவர் உள்ளே இருந்து நீட்டினார், இவர் வெளியே இருந்து நீட்டினார். இரண்டு விரலும் காலண்டர் மாட்டியிருந்த அதே சுவரைக் காட்டின. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். "முப்பத்தாறு வருஷமா இதே கதைதாம்பா. ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்லிக்கினு இருக்கிறோம், எதிரெதிரா நின்னுக்கினு!"

உள்ளே மாட்டிக்கொண்டவன்

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஃபோம் அடிப்போம். நுரையாக வந்து, ஊதிப் பெருத்து, கெட்டியாகிவிடும். அளவாக அடிக்க வேண்டும். திருப்பதியில் ஒரு அபார்ட்மெண்டில் தேவராஜு தாராளமாக அடித்துவிட்டு டீ குடிக்கக் கீழே போய்விட்டான். நான் உள்ளே நின்று கதவைச் சாத்தி, இடைவெளி சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோம் ஊதியது. சட்டம் இரண்டு பக்கமும் வளைந்து கதவைக் கவ்விக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஜன்னல் இல்லாத சாமான் அறை. உளி, டிரில், போன் எல்லாம் வெளியே.

வீட்டுக்கார அம்மா சரளா, நான் பதறக்கூடாதென்று கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், உடம்புக்கு ஏதாவது உண்டா? சர்க்கரை உண்டு என்றேன். மாத்திரை போட்டுவிட்டேன், காலையில் சாப்பிடவில்லை, இப்போது கை நடுங்குகிறது என்றும் சொன்னேன். ஸ்டூல் கீழே விழுந்த சத்தம் கேட்டது. தேவராஜைத் தேடி வாட்ச்மேனை விரட்டிவிட்டு அவர் அடுப்படிக்கு ஓடியது தெரிந்தது. தேவராஜு வந்து ஃபோமை அறுத்துத் திறக்க அரை மணி நேரம் ஆனது. அதுவரை நான் விழாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், கதவுக்கு அடியில் விட்டிருந்த விரல் கனத்துச் சந்து. அதன் வழியாக ஒரு பேப்பர் நகர்ந்து வந்தது. பேப்பர் மேல் சர்க்கரை தூவிய தோசை. வெளியே மூச்சிரைத்துக்கொண்டே சரளாம்மா சொன்னார்: "தினண்டி, மொதல்ல தின்னுங்கண்ணா. நல்லவேளை, இன்னிக்கு தோசை. இட்லியா இருந்தா இந்தச் சந்துல வந்திருக்காது!"

சத்தம் கூடாது

சத்தியவேட்டில் ஒருவர், ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். டிவி சத்தத்திலும் தெருச் சத்தத்திலும் தூக்கமே வருவதில்லை என்று அவர் மனைவி படுக்கையறைக்குக் கதவு வாங்கியிருந்தார். நாங்கள் போனபோது மனுஷன் அதே அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "மூணு நாளைக்கு அப்புறம் இப்பத்தாண்ணா கண்ண மூடிக்கீறாரு. எழுப்பாம மாட்டிடுங்க" என்று மனைவி கிசுகிசுத்தார். டிரில் போடாமல் கதவு மாட்டுவது எப்படி என்று எங்களுக்கும் தெரியாது. ஆனாலும் ஸ்க்ரூ மறுநாள் போட்டுக்கொள்ளலாமென்று ஆப்பையும் ஃபோமையும் வைத்து, கைஜாடையிலேயே மூன்று மணி நேரம் வேலை செய்தோம். தேவராஜு தும்மலைக்கூட வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தான். கடைசியில் கதவை மெல்லச் சாத்தினோம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் படாரென்று கதவைத் திறந்துகொண்டு, வெளிறிப்போன முகத்தோடு வந்து நின்றார். "இன்னாடி ஆச்சு? ஒரு சத்தமும் காணோம்!"

ராஜம்மாவின் கால் மணி நேரம்

பாலசமுத்திரம் பக்கம் ஒரு காலனி வீடு. உள்ளே இரண்டு அறை, நடுவில் கதவு கிடையாது, பழைய புடவைதான் தொங்கும். திருப்பதியில் நர்ஸாக இருக்கிற மகள் கவிதா, லீவில் வந்தவள் கதவுக்குச் சொல்லியிருந்தாள். அவள் அம்மா ராஜம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கடலைக்காய் பறிக்கும் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். "நம்ம வூட்ல மறைக்கிறதுக்கு இன்னாடி கீது?" என்று நாங்கள் வேலை முடிக்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும், தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்கச் சொல்லி, கவிதா அம்மாவை உள்ளே தள்ளினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அதோடு சரி. அவர் புருஷன் வந்து தண்ணீர் கேட்டார், பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி முறம் கேட்டு வாசலில் கூப்பிட்டாள், அதற்கும் பதில் இல்லை. பத்து நிமிஷம் போனது. "மயக்கம் கியக்கமா?" என்று கவிதா கதவைத் தட்டினாள். எனக்கு அபார்ட்மெண்ட் சாமான் அறை ஞாபகம் வந்து, உளியை எடுத்துக்கொண்டேன். கால் மணி நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. ராஜம்மா வெளியே வந்தார். முகம் தெளிவாக இருந்தது. எங்கள் எல்லாரையும் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டார். உள்ளே இவ்வளவு நேரம் என்ன பண்ணினாய் என்று மகள் பதற்றத்தோடு கேட்டதற்கு மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணும் பண்ணலடி. சும்மா உக்காந்துகினு இருந்தேன்."

சொந்த வீட்டு வேலை

பத்தாவது படிக்கிற என் மகள், தன் அறைக்குக் கதவு வேண்டுமென்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவழியாகப் போன மாதம் ஒரு செட்டைக் கொண்டுவந்து, இதற்கு எதற்கு இரண்டு ஆள் என்று நான் ஒருத்தனாகவே மாட்டினேன். மகள் ஆசையாக உள்ளே போய்ச் சாத்தினாள். கதவு தானாகத் திறந்துகொண்டது. மறுபடியும் சாத்தினாள், மறுபடியும் மெல்லத் திறந்தது. "காத்து" என்றேன். ஃபேன்கூட ஓடவில்லை. என் மனைவி மல்லிகா எழுந்து வந்தாள். என் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துச் சட்டத்தில் வைத்தாள், குமிழியைப் பார்த்தாள், என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். "தேவராஜண்ணா, நாளைக்கு ஃப்ரீயா? எங்க வீட்ல யாரோ கதவு மாட்டிட்டுப் போயிருக்காங்க, நீங்க வந்து கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க."

ஆகவே, சொந்த வீட்டுக்குக் கதவு மாட்டப்போகிற என் சக துன்பஸ்தர்களே, ரசமட்டத்தை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், வீட்டில் இருப்பவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.