பகல் தூக்கம்

என் வீட்டுக்காரர் பகலெல்லாம் தூங்கி ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்க ஆரம்பித்தபோது, தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீடுகளில் ஒருவரும் பயப்படவில்லை. சுரங்கத்தில் வருஷக்கணக்காக நைட் ஷிஃப்ட் பார்த்த உடம்பு, வயதானால் பழைய பழக்கத்துக்கே திரும்பும் என்றார்கள். இங்கே பாதி வீடுகளில் அப்படி ஒருவர் உண்டு. எனக்குத்தான் பயமாக இருந்தது. அவருக்கு ஈரல் சுருக்க நோய். குடியால் வந்ததா என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து கெடுத்த ஈரல் அது.

அன்று காலை டீ டம்ளரை நீட்டினேன். வாங்கிய கை மணிக்கட்டோடு படபடவென்று அடித்துக்கொண்டது. டீ மடியில் கொட்டியும் அவர் பதறவில்லை. "கேஜ் இறங்கிடுச்சா?" என்றார். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டைக் கேட்கிறார். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாகிறது.

எட்டிப் பார்த்த கொழுந்தனார் சிரித்தார். "அண்ணன் இன்னும் ஷிஃப்ட்லயே கீறாரு. தூங்க வுடுங்க அண்ணி."

"நீ ஒண்ணும் சொல்லாத. போய் ஒரு கார் இட்டுகினு வா" என்றேன்.

பெங்களூர் போகும் வழியெல்லாம் அவரை உலுக்கிக்கொண்டே இருந்தேன். முதலில் பேர் கேட்டால் சொன்னார். பாதி வழியில் அதுவும் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, குழாயை ஐஸில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். ஈரல் சுத்தம் செய்யாமல் விட்ட அம்மோனியா, ரத்தத்தோடு மூளைக்கு ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அந்த அளவை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாதாம். உள்ளே எங்கோ கிருமி பிடித்திருப்பதையும் ரத்தம் காட்டுகிறது, இரண்டும் சேர்ந்துதான் புத்தியை மழுக்கிவிட்டது என்றார்.

"தூக்கம் மாறினப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார் டாக்டரம்மா.

கொழுந்தனார் தரையைப் பார்த்தார்.

"பழையபடி ஆயிடுவாருங்களா?" என்று கேட்டேன். மருந்து வேலை செய்யட்டும் என்றார். ஆமாம் என்று சொல்லவில்லை.

மூக்குக் குழாய் வழியாக மருந்து இறங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வார்டே பார்க்க அழுதேன். அவர் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் "நான் யாரு, சொல்லுங்க" என்பேன். வெறித்துப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வார்.

மறுநாள் மத்தியானம் தெளிவாக விழித்தார். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "எப்ப வந்த?" என்று கேட்டார்.

அவர் தலையைத் திருப்பிக் கட்டிலைச் சுற்றிலும் தேடினார்.

"நேத்து ஒரு அம்மா என் கையப் புடிச்சினு இருந்தாங்களே, போய்ட்டாங்களா? பாவம், ரொம்ப அழுதாங்க."